வளர்மதியின் கடைசிப் பேப்பர்

வளர்மதி பி.எஸ்சி. கணிதம் படித்தவள். படித்தவள் என்றுதான் சொல்ல முடியும், முடித்தவள் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு பேப்பர் பாக்கி. காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் என்ற அந்தக் கடைசி செமஸ்டர் பேப்பரை அவள் எழுதித் தோற்கவில்லை, எழுதவே போகவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அன்றைக்கு அவளுக்குக் கல்யாணம்.

இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. வளர்மதியே சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். தேர்வு காலை பத்து மணிக்குத் திண்டிவனத்தில், முகூர்த்தம் ஒன்பதரைக்குச் செஞ்சியில். கல்லூரியில் தேர்வுத் தேதி வருவதற்கு முன்பே பத்திரிகை அடித்தாகிவிட்டது. தேதி தெரிந்ததும் அவள் தன் அப்பா வீராசாமியிடம் போய் நின்றாள். அவர் கடலைக்கொல்லையில் களை வெட்டும் ஆட்களுக்குக் கூலி பேசிக்கொண்டிருந்தார். ஒரு பேப்பர்தானே, கல்யாணத்துக்கு அப்புறம் எழுதிக்கொண்டால் போயிற்று என்று சொல்லிவிட்டு மறுபடி கூலிப் பேச்சுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள். அப்போது அவளுக்கு இருபது வயது.

கல்யாணத்துக்கு அவ்வளவு அவசரம் ஏன் என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. தம்பி தேவேந்திரன் அந்த வருஷம் இன்ஜினியரிங் சேர வேண்டும். ஒரு வீடு ரெண்டு காலேஜ் தாங்காது என்பது வீராசாமியின் முடிவு. அவர்கள் ஊர் தொண்டூரில் அன்றைக்கு இது யாருக்கும் தப்பாகப் படவில்லை. காலையில் திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஏறுகிற கல்லூரிக் கூட்டத்தில் பெண்பிள்ளைகள்தான் அதிகம், அது வேறு விஷயம். பையன்கள் பத்தாவதோடும் பன்னிரண்டாவதோடும் நின்று டிராக்டர் ஓட்டப் போனார்கள், ஒரகடத்துக் கம்பெனிகளுக்குப் போனார்கள், சென்னையில் கட்டட வேலைக்குப் போனார்கள். பையன் படிப்பை வேலை நிறுத்தும், பெண் படிப்பைக் கல்யாணம் நிறுத்தும். நின்றுபோன பையன் கையில் சனிக்கிழமை கூலி இருக்கும். பெண்ணுக்கு அது கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தேவேந்திரனுக்கும் படிப்புக்கும் ஒத்துவரவில்லை. கணக்கென்றாலே அவனுக்குக் காய்ச்சல் வரும். நாலு வருஷம் போய்வந்து, அரியர்களை எண்ணக்கூட மாட்டாமல் விட்டுவிட்டு, அவனும் ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குத்தான் போனான். படிக்கப் பிடித்தவளை நிறுத்திப் பிடிக்காதவனை அனுப்பிவைத்த வீடு அது. இதைப் பற்றி அக்காவும் தம்பியும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. வீராசாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரைக் கேட்பது?

புகுந்த வீடு செஞ்சி டவுனிலேயே. கணவன் ராமகிருஷ்ணன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், மாமியார் ராஜம்மாள், இவர்கள்தான் வீடு. கல்யாணமான முதல் வருஷம் பரீட்சைக்குப் பணம் கட்டுகிறேன் என்றாள் வளர்மதி. முதலில் ஒரு பிள்ளை பிறக்கட்டும் என்றாள் ராஜம்மாள். பிள்ளை லேசில் பிறக்கவில்லை. அதற்காக ஆஸ்பத்திரி, அதற்காகக் கோவில், அதற்காக அமாவாசைக்கு மேல்மலையனூர் என்று வருஷங்கள் ஓடின. ஒரு வழியாக ஜெயஸ்ரீ பிறந்தபோது, பழைய அரியர்களை எழுத வைத்திருந்த கெடு முடிந்துபோயிருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அந்தச் செய்தியைத் தோழி சொல்லக் கேட்டாள். அன்றைக்கு மட்டும் அவள் அழுதாள், மறுநாள் விட்டுவிட்டாள்.

இதற்கு நடுவில் அந்த வீட்டில் ஒரு பட்டம் வராமல் போகவில்லை. சங்கத்தில் செயலாளர் ஆக வேண்டுமென்றால் டிகிரி வேண்டும் என்று ஆனதும் ராமகிருஷ்ணன் அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தான். புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுவான். ஆகவே வளர்மதி வாசிப்பாள், அவன் கேட்பான். தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் புத்தகமுமாக அவள் மராட்டியர் ஆட்சியை நடத்துவாள். கேட்டது அவனுக்கு மறக்காது, அது ஒரு நல்ல குணம். தேர்வு வந்தால் வீட்டில் டி.வி. கிடையாது, மிக்ஸி கிடையாது, விருந்தாளி கிடையாது. தேர்வன்று ராஜம்மாள் கற்பூரம் ஏற்றி, மகன் தெருமுனை தாண்டும் வரை யாரும் பின்னால் கூப்பிடக்கூடாது என்று வாசலில் காவல் நிற்பாள். மூன்று வருஷத்தில் ஒரு பேப்பர் விடாமல் பாஸ் செய்து, செயலாளரும் ஆகிவிட்டான். அவன் பாஸானதில் வளர்மதிக்கு உண்மையான சந்தோஷம். கூடவே வயிற்றெரிச்சலும் இருந்தது, அதை மறைப்பானேன்?

போன மாசி மாதத்தில் அமலா போன் செய்தாள். வளர்மதியோடு படித்தவள், இப்போது அவலூர்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். பல்கலைக்கழகம் பழைய அரியர்காரர்களுக்கு ஒரே ஒரு தடவை சிறப்பு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது, இதை விட்டால் அவ்வளவுதான் என்றாள். வளர்மதி அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தாள். கணவனிடமும் சொன்னாள். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே, தாராளமாக எழுது என்றான். அதன் பிறகு அந்த வீட்டில் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் நடந்தது. டி.வி.யும் நடந்தது, மிக்ஸியும் நடந்தது, விருந்தாளிகளும் வந்தார்கள். ஜெயஸ்ரீ பள்ளிக்கும் ராமகிருஷ்ணன் சங்கத்துக்கும் போன பிறகு கிடைக்கிற நேரத்தில் அவள் பழைய நோட்டுக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தாள். ஆரம்பத்தில் ஒன்றும் தலைகால் புரியவில்லை. பங்குனி பிறப்பதற்குள் கை தானாகப் போட ஆரம்பித்தது. இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று அவள் கணக்கையும் கேட்கலாம், கணக்கு அவளையும் கேட்கலாம்.

அப்போதுதான் காதணி விழா வந்தது. ஜெயஸ்ரீக்கு ஏழு வயதாகிறது, இன்னும் காது குத்தவில்லை. தவமிருந்து பெற்ற பிள்ளை என்பதால் வீட்டோடு முடிக்க ராஜம்மாளுக்கு மனமில்லை. மண்டபம் பிடித்துத்தான் செய்ய வேண்டும். ராமகிருஷ்ணன் ஜோசியரைக் கேட்டான். மண்டபக்காரரைக் கேட்டான். தாய்மாமனுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைக்கும் என்று தேவேந்திரனைக் கேட்டான். சமையல்காரருக்கு வேறு முகூர்த்தம் இருக்கிறதா என்று கேட்டான். எல்லோருக்கும் ஒத்துவந்த ஞாயிற்றுக்கிழமையை நிச்சயம் பண்ணி, முன்பணமும் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பெருமையாகத் தேதியைச் சொன்னான். கேட்காமல் விட்டது ஒருத்தியைத்தான். அவளுடைய தேர்வும் அதே ஞாயிற்றுக்கிழமை, பத்திலிருந்து ஒன்று வரை.

அவனுக்கு முகம் செத்துவிட்டது. ஆள் கெட்டவன் அல்ல. நிஜமாகவே மறந்துவிட்டான். மறந்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் தேதியை மாற்றலாம் என்று அவன் வாயில் வரவில்லை. அடுத்த தடவை எழுதிக்கொள்ளேன் என்றான். அடுத்த தடவை கிடையாது என்றாள். இந்த முகூர்த்தம் போனால் ஆனி வரை மண்டபம் கிடையாது என்றான் அவன். அன்றைக்கு அவ்வளவோடு பேச்சு நின்றது.

நாலு நாள் அவள் யோசித்தாள். காது குத்துகிற இடத்தில் பெற்றவளுக்கு என்ன வேலை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில். குத்துவது ஆசாரி. கம்மல் மாமன் வீட்டுச் சீர். மாலை போடுவது அத்தை. பந்தி பார்ப்பது பங்காளிகள். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவது ஒன்றுதான் தாய் வேலை. அந்த ஒன்றுதான் அவளை அறுத்தது. ஜெயஸ்ரீ ஊசியென்றால் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்துவாள். இருந்தும் வியாழக்கிழமை காலையில், அவன் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டாள்.

"நான் எழுதப் போறேங்க. ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

"ஜனங்க கேட்டா நான் இன்னா சொல்றது?"

"பரீட்சை எழுதப் போயிருக்கான்னு சொல்லுங்க."

அது தன்னால் முடியாது என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. கடைசியில் அம்மாவும் மகனும் கூடிப் பேசி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் வளர்மதியின் சித்தி சீரியஸாகக் கிடக்கிறாள், பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்வதாக முடிவு செய்தார்கள். வளர்மதிக்குப் பாண்டிச்சேரியில் சித்தியே கிடையாது. சாகக் கிடப்பவளைப் பார்க்கப் போனால் ஊர் ஒத்துக்கொள்ளும், பரீட்சைக்குப் போனால் ஒத்துக்கொள்ளாது என்பது அவர்கள் கணக்கு. ராஜம்மாள் அதற்குப் பிறகு மருமகளோடு பேசவில்லை.

சனிக்கிழமை தேவேந்திரன் போன் செய்தான். சீர்ப்புடவை பச்சையா அரக்கா என்று கேட்கத்தான் கூப்பிட்டான். எந்தக் கலராக இருந்தாலும் சரி, தான் வருவதற்கு ரெண்டு மணியாகும், பிள்ளை அழுதால் நீ பார்த்துக்கொள் என்று சொல்லி, விஷயத்தையும் சொன்னாள். எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று மட்டும் கேட்டான். ஒரு மணிக்கு என்றாள். சரி என்று வைத்துவிட்டான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை ஜெயஸ்ரீக்குத் தலை பின்னி, பூ வைத்து, பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, மதியம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வளர்மதி திண்டிவனம் பஸ் ஏறினாள். கோட்டை பார்க்க வந்த ஜனம் பஸ் ஸ்டாண்டில் நிறைந்திருந்தது. அவளை வாசல் வரை வந்து யாரும் அனுப்பவில்லை. பின்னால் கூப்பிடவும் ஆளில்லை, அது ஒரு வசதி.

தேர்வறையைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது. தன் ஒருத்தியைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தாள். அறை முழுக்க அவள் வயதுக்காரர்கள். தாலிக்கயிற்றுக்கு மேலே அடையாள அட்டை தொங்கவிட்ட பெண்கள். ஒருத்தியின் புருஷன் வெளியே புங்கமரத்தடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தான். ஆண்களும் இருந்தார்கள். மணி அடிப்பதற்கு முன் பேசிக்கொண்டதில் ஒன்று தெரிந்தது. ஆண்கள் எல்லோரும் எழுதித் தோற்றவர்கள், சிலர் ஐந்து தடவை, ஆறு தடவை. பெண்களில் பெரும்பாலோர் எழுத வராதவர்கள். ஒருத்திக்குப் பிரசவம், ஒருத்திக்கு மாமனார் சாவு, ஒருத்திக்குப் பஸ் ஏறக்கூடாது என்று தடை. கல்யாண நாளிலேயே தேர்வு வந்தது என்று வளர்மதி சொன்னபோது, பின் பெஞ்சுக்காரி எனக்கு நிச்சயதார்த்தம் என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கேள்வித்தாள் கைக்கு வந்ததும் சித்தியும் மாமியாரும் மண்டபமும் எங்கோ போய்விட்டார்கள். பெரிய கணக்குகளில் ஐந்து எழுதச் சொல்லியிருந்தார்கள், ஐந்தும் தெரியும். பதினொன்று அடித்தபோது மட்டும் பேனா நின்றது. இந்நேரம் குத்தியிருப்பார்கள், பிள்ளை அம்மா அம்மா என்று கத்தியிருக்கும் என்று நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுதினாள். பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்தபோது பாஸ் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மார்க்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கல்லூரி வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி நின்றிருந்தது. பின்னால் சீர்த்தட்டுகள், பழம், பூ, சர்க்கரைப் பொட்டலம், சிவப்புப் பட்டுத்துணி மூடிய பெட்டி. முன் சீட்டில் தேவேந்திரனின் மனைவி வசந்தா உம்மென்று உட்கார்ந்திருந்தாள். தேவேந்திரன் வண்டிக்குப் பக்கத்தில் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். காலை பத்தரைக்குச் செஞ்சியில் இருக்க வேண்டிய தாய்மாமன் மதியம் ஒரு மணிக்குத் திண்டிவனத்தில் நிற்பதைப் பார்த்து வளர்மதி ஓடிவந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆவல. நான் போயிருந்தா பன்னெண்டுக்குள்ள குத்தி முடிச்சிருப்பாங்க. போவல. பன்னெண்டுலேர்ந்து ஒன்னர வரைக்கும் எமகண்டம், ஒருத்தனும் தொட மாட்டான். இப்ப போனா சரியா இருக்கும், ஏறுக்கா."

"ஏன்டா, அங்க எல்லாரும் காத்துங்கெடப்பாங்களேடா."

"கெடக்கட்டும். என் மடி இல்லாம யார் மடில ஒக்கார வெப்பாங்க?"

அவன் காலையிலிருந்து போனை அணைத்து வைத்திருக்கிறான். வசந்தாவின் போனையும் பிடுங்கி அணைத்துவிட்டான், அவளுடைய உம்முக்கு அதுதான் காரணம். தாய்மாமன் நேரத்துக்கு வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்று வசந்தா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் வண்டியை விரட்டினான். வளர்மதி தம்பியிடம் இந்த உதவியைக் கேட்டிருக்கவில்லை, கேட்க அவளுக்குத் தோன்றியிருக்கவும் இல்லை. சீர்த்தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தட்டு சாய்ந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் நிலைமை மோசம். சடங்குக்கு முன்னால் பந்தி போடுவது வழக்கமில்லை, ஆனால் பசி தாங்காமல் இரண்டு பந்தி முடிந்துவிட்டது. மொய் எழுதிவிட்டுப் பாதிப் பேர் போய்விட்டார்கள். ஆசாரி இரண்டு தடவை எழுந்து கிளம்பி, இரண்டு தடவையும் பிடித்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். ஜெயஸ்ரீ அழுது ஓய்ந்து மேடையிலேயே ஒரு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தட்டுகளோடு தேவேந்திரன் உள்ளே நுழைந்ததும் பங்காளிகள் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர் இளையபெருமாள், ராமகிருஷ்ணனுக்குப் பெரியப்பா முறை, எல்லோர் சார்பிலும் எழுந்து நின்றார். பொறந்த வீடு என்று இருப்பது நீ ஒருத்தன்தான், அந்த ஒருத்தனுக்கும் பொறுப்பில்லை, போனையும் அணைத்து வைத்திருக்கிறாய், சாவுச் சேதி சொல்ல வந்தாயா, சீர் கொண்டு வந்தாயா என்று கேட்டார். வண்டி பஞ்சர் என்று தேவேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பஞ்சர் ஒட்ட நாலு மணி நேரமா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். ஜனம் சிரித்தது. வசந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வளர்மதி தேர்வு அட்டையும் பேனாவும் கையிலேயே இருக்க வாசல் பக்கமாக நின்றாள். சும்மா இருந்தால் எல்லாம் தானாக அடங்கிவிடும். சித்தி பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிடலாம். புருஷன் மானம் காப்பாற்றப்படும். தம்பி மட்டும், இந்தப் பிள்ளையின் கல்யாணத்திலும் அதன் பிள்ளையின் காதுகுத்திலும், நேரத்துக்கு வராத மாமன் என்று பேர் வாங்குவான். அவன் அதை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான். அவளால்தான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"வண்டி பஞ்சர் ஆவல பெரிமாமா. சித்திக்கும் ஒண்ணுமில்ல. நான் பரீட்சை எழுதப் போனேன். நான் வர்றவரைக்கும் எம் புள்ளைக்குக் காது குத்தக்கூடாதுன்னு அவன் நின்னுட்டான். திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க."

ராமகிருஷ்ணன் மேடை ஓரத்தில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். காலையிலிருந்து அவன் சித்தியின் உடல்நிலையை வந்தவர் ஒவ்வொருவருக்கும் விளக்கமாகச் சொல்லியிருந்தான், எந்த வார்டு என்பது உட்பட. இளையபெருமாள் அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்ன பரீட்சை என்று வளர்மதியையே கேட்டார். பி.எஸ்சி. என்றாள். கடைசிப் பேப்பர், கல்யாணத்தன்றைக்கு விட்டது என்றாள். அவர் அந்தக் கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாற்காலியில் ஜெயஸ்ரீ கண்விழித்து அம்மா என்று கையை நீட்டினாள். வளர்மதி போய் அவளைத் தூக்கி, மணையில் உட்கார்ந்துவிட்ட தேவேந்திரனின் மடியில் வைத்து, அவள் இரண்டு கையையும் தானே பிடித்துக்கொண்டாள். ஆசாரி கம்மலைத் துடைத்தார். அப்போதுதான் ராஜம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். நாலு நாளாகப் பேசாதவள், இத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாளே என்ற ஆத்திரத்தில், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள்.

"இந்த வயசுல பாஸாயி நீ இன்னா பண்ணப் போற?"

வளர்மதி பிள்ளையின் கையை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல அத்த. பாஸாவப் போறேன்."